வானோடி மெஹர் சிங்

சீவகசிந்தாமணி பயின்றோர் மயிற்பொறியை மறந்திரார். நம்பி அரசை ஒப்படைத்த அமைச்சன் கட்டியங்காரன் அரண்மனையை வளைத்துக்கொண்ட வேளையில், சச்சந்தன் கருவுற்றிருந்த தன் தேவி விசயையை, முன்னரே செய்வித்து வைத்திருந்த பொறியில் ஏற்றி வான்வழி போக்கிவிட்டுத் தான் பொருது மடிகின்றான். பொறியை இயக்கத் தேவியே பழகியிருந்தாள். அது சென்றிறங்கிய சுடுகாட்டிலே காப்பியத் தலைவன் பிறக்கின்றான். திருத்தக்கதேவர் கற்பனையில் உருவான அவ்வானூர்தி எவர்மீதும் படைக்கலம் பொழிந்ததில்லை. சூழ்ந்து நின்ற பகைக்கு நடுவிலிருந்து ஈருயிரை வெளியே கொண்டு செல்வது ஒன்றே அதற்கு இடப்பட்ட பணி.

இப்பகுதியை வகுப்பிலே கற்பிக்குந்தோறும் மாணாக்கர் கேட்பது, அக்காலத்தில் பொறி எவ்வாறு பறந்தது என்பதே. மாணாக்கர்க்குத் தெரிந்த வானூர்தி வேறு. அவர்தம் பெற்றோர்க்குத் தெரிந்த வானூர்தி வேறு. ஒலி கேட்ட மாத்திரத்தில் பதுங்குகுழி தேடி ஓடிய தலைமுறை அவர்களது. ஆதலின் போர் விமானி ஒருவரின் வரலாற்றை யாழ்ப்பாணத்தார் முன் விரிக்கப் புகுவோன் சற்றுத் தயங்கவே செய்வான். எனினும், விமானத்தின் ஒலியை உயிர்ப்பிச்சையாகக் கேட்டு நின்ற ஒரு நகரும், அங்கு முதன்முதல் இறங்கிய ஒரு வானோடியும் வரலாற்றில் உண்டு. நகரின் பெயர் பூஞ்ச். காஷ்மீர மலைநாட்டில் உள்ளது. வானோடியின் பெயர் மெஹர் சிங். இந்திய வான்படையினர் அவரை மெஹர் பாபா என்று வழங்குவர்.

மெஹர் சிங் 1915 மார்ச் 20 ஆந் திகதி, அக்காலத்துப் பிரித்தானிய இந்தியாவின் பஞ்சாப் மாகாணத்தைச் சார்ந்த லயால்பூரில், சீக்கியக் குடும்பத்திற் பிறந்தார். கால்வாய்ப் பாசனத்தால் வளம்பெற்ற புதுநகரம் அது. இங்கிலாந்தின் கிரான்வெல் வான்படைக் கல்லூரியிற் பயின்று, 1936 இல் அதிகாரியாக வெளியேறினார். இந்திய வான்படைக்கு அப்பொழுது வயது நான்கே. இருந்த அணியும் ஒன்றே. அவ்வணியில் அவர் சேர்ந்தார்.

வடமேற்கு எல்லைப்புறத்தில் அவ்வணிக்கு இடப்பட்ட வேலை, மலைக்குடிகளை அடக்க முயன்ற ஏகாதிபத்தியப் படைக்குத் துணை செய்வது. அதனைப் புகழ்வதற்கு நமக்கு ஒன்றுமில்லை. ஒரு நிகழ்ச்சியை மட்டும் குறிப்போம். வாப்பிற்றி என்னும் துணி போர்த்த இரட்டைச் சிறகு விமானத்தில் அவர் பறக்கையில், கீழிருந்து சுட்ட துப்பாக்கிக் குண்டு விமானத்தைப் பழுதாக்கிற்று. மலைப்பள்ளம் ஒன்றில் விமானத்தை மோதி இறக்கினார். அவரும், உடன் பறந்த பீரங்கிக்காரர் குலாம் அலியும் தேடி வந்தோர் கண்ணில் அகப்படாமல் நடந்து இராணுவக் காவலிடத்தை அடைந்தனர். சீக்கியர் ஒருவரும் முசுலிம் ஒருவரும் ஒருவர்க்கொருவர் துணையாக நடந்த நடை அது. பத்தாண்டு கழித்துப் பஞ்சாப் அடைந்த கதியை அறிந்தோர்க்கு இச்சிறு செய்தி பெரிதாகத் தோன்றும்.

1942 இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். ஏப்பிரில் 5 ஆந் திகதி கொழும்பிலும் 9 ஆந் திகதி திருகோணமலையிலும் குண்டு வீழ்ந்தது. நம் பலாலி வான்தளமும் அப்போர்க்காலத்தில் எழுந்ததே. அவ்வாண்டு டிசெம்பர் முதலாந் திகதி திருச்சிராப்பள்ளியில் இந்திய வான்படையின் ஆறாவது அணி தொடங்கப்பெற்றது. அதன் தலைவராக அமர்த்தப்பட்டவர் மெஹர் சிங். இருபத்தேழு வயதுப் பஞ்சாபி இளைஞர் ஒருவர், காவிரிக்கரையில் ஹரிக்கேன் விமானங்களை வைத்துக்கொண்டு தம் அணியைப் பழக்கினார்.

1943 இன் இறுதியில் அவ்வணி பர்மாவின் அரக்கான் போர்முனைக்குச் சென்றது. பகைவர் எங்கே பாசறை அமைத்துள்ளனர், எந்த ஆற்றின்மீது பாலம் இட்டுள்ளனர் என்று தாழப் பறந்து பார்த்துப் படம் எடுத்து வருவதே தொழில். விமானங்கள் இரண்டிரண்டாகச் செல்லும். ஒன்றன் வானோடி நிலத்தை நோக்குவார். மற்றையவர் வானை நோக்கி அவரைக் காப்பார். பதினான்காவது படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ஸ்லிம், இளஞ்சீக்கியர் ஒருவர் நடத்திய இவ்வணியின் செயற்றிறத்தையும் மகிழ்ச்சியையும் பிற்காலத்தில் தம் போர் நினைவு நூலிற் பாராட்டி எழுதினார். 1944 இல் மெஹர் சிங்கிற்கு டி.எஸ்.ஓ. என்னும் உயர் விருது வழங்கப்பெற்றது. இரண்டாம் உலகப்போரில் அவ்விருதைப் பெற்ற இந்திய வான்படையினர் அவர் ஒருவரே.

இவ்வளவில் அவர் வாழ்க்கை நின்றிருப்பின், போர்ப் பதிவேட்டில் ஒரு பெயராக மட்டும் இருந்திருப்பார். அவரை நாம் எடுத்துப் பேசுவதற்குரிய காரியம் 1947 இலேயே தொடங்குகின்றது.

அவ்வாண்டு ஆகத்தில் நாடு இரண்டாயிற்று. லயால்பூர் எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானிற் போயிற்று. அங்கிருந்த சீக்கியரும் இந்துக்களும் கிழக்கு நோக்கி வண்டி கட்டினர். கிழக்குப் பஞ்சாபின் முசுலிம்கள் மேற்கு நோக்கி நடந்தனர். ஒக்டோபரிற் காஷ்மீரத்திற் போர் மூண்டது. 27 ஆந் திகதி காலை டகோட்டா விமானங்கள் இந்தியப் படையினரை ஏற்றிச் சென்று ஸ்ரீநகரில் இறக்கின. அப்போரின் நியாய அநியாயங்கள் இன்றும் வழக்காடப்படுபவை. அவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் வேலையன்று. எயார் கொமடோர் பதவியிலிருந்த மெஹர் சிங், காஷ்மீரப் போர்முனையின் வான்படைப் பிரிவுக்குத் தலைவரானார்.

பூஞ்ச் நகரம் மலைகளுக்கு இடையே கிண்ணத்தின் அடியிற் கிடப்பதுபோலக் கிடப்பது. சுற்றிய மலைகளைப் பகைவர் பிடித்துக்கொண்டனர். சூழவுள்ள ஊர்களிலிருந்து உயிர் தப்பி ஓடிவந்தோர் நகரினுள் குவிந்தனர். ஏறத்தாழ 40,000 பேர் என்பது கணக்கு. நவம்பரில் அவர்களைக் காக்க உரி என்னும் இடத்திலிருந்து புறப்பட்ட படையில் ஒரு பகுதியே நகரை அடைந்தது, எஞ்சியது திரும்பிவிட்டது. உட்புகுந்த குமாவோன் படையினரின் தலைவர் பிரீதம் சிங் நகரின் காவலை ஏற்றார். தரைவழி முற்றாக அடைபட்டது. குளிர்காலமோ நெருங்கிற்று.

புறப்பொருள் வெண்பாமாலை, மதில் வளைத்தலை உழிஞை என்றும் மதில் காத்தலை நொச்சி என்றும் வகுத்து, அவ்வவர்க்கு உரிய பூவையும் சூட்டுகின்றது. வளைபட்ட மதிலுள் அகப்பட்ட குடிகளுக்கு அங்கே பூ இல்லை. அவர்களை வெளியே எடுத்துச் செல்வோனுக்கும் தனித்துறை கண்டிலேம். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்டு வருவோன் சூடும் கரந்தையை அவனுக்குச் சூட்டுதல் பொருந்தும் என்பது எம் கருத்து. இலக்கண விற்பன்னர் மறுப்பின் மறுக்க.

பிரீதம் சிங் நகரினுள் ஓர் ஓடுபாதை அமைக்கத் துணிந்தார். மண் சுமந்தோரும் கல் அகற்றியோரும் பெரும்பாலும் அகதிகளே. ஆயிரக்கணக்கான ஆணும் பெண்ணும் உழைத்துச் சில நாளில் ஏறத்தாழ 600 யார் நீளமுள்ள பாதையைச் சமைத்தனர். பாரம் ஏற்றிய டகோட்டாவுக்கு அது மிகக் குறுகிய நிலம். மூன்று புறமும் நீரோடைகள். அணுகுவதற்கோ மலைச்சரிவினூடே செங்குத்தாக இறங்கவேண்டிய வழி. சற்று முந்தி நிலந்தொட்டால் மேட்டில் மோதும். சற்றுப் பிந்தினால் பாதை முடிந்துவிடும். இவற்றுக்கு மேலாக, மலையிலிருந்தோர் சுடக்கூடிய தொலைவுக்குள் பாதை முழுதும் கிடந்தது.

அப்பாதையில் விமானம் இறங்குமா என்று சோதித்து வர ஓர் இளநிலை அதிகாரியை அனுப்பியிருக்கலாம். தலைவர் தலைமையகத்தில் இருப்பதே படை மரபு என்று வாதிப்போரும் உளர். மெஹர் சிங் தாமே முதல் விமானத்தை ஓட்டிச் சென்று இறக்கினார். பின்னாளில் இந்திய வான்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியாக விளங்கிய சுப்ரதோ முகர்ஜி உடன் சென்றார். அது 1947 டிசெம்பர் மாதம். பின்னர் டகோட்டாக்கள் தொடர்ந்து வரத் தொடங்கின. இறங்கும்போது உணவும் மருந்தும் படைக்கலமும். ஏறும்போது காயமுற்றோரும் முதியோரும் பெண்களும் பிள்ளைகளும். ஏற்றக்கூடிய பாரம் இவ்வளவு என்று செய்தவர் எழுதி வைத்த அளவை அவர் பன்முறை மீறினார். அது முறையா என்று இருந்த இடத்திலிருந்து நாம் கேட்கலாம். பாதை ஓரத்தில் முறை வரும்வரை காத்திருந்தோர் கேட்டிரார்.

டகோட்டாவைப்பற்றி ஒரு சொல். 1935 இல் முதன்முதற் பறந்த பயணிகள் விமானமொன்றின் படைத்துறை வடிவம் அது. இயந்திரம் இரண்டு, சிறகின் அகலம் 95 அடி. தன்னைக் காத்துக்கொள்ளத் துப்பாக்கி ஒன்றும் அதற்கு இல்லை. வேட்டை விமானத்தை ஓட்டுவோன் எதிரியைச் சுட்டுவிட்டு விரையலாம். டகோட்டா ஓட்டுவோன் தன்னைச் சுடுவோரைக் கண்டும் காணாதவன்போல நேராக இறங்கவேண்டும். இறங்கியபின் சுமை இறக்கி ஆள் ஏற்றும்வரை பொறுத்திருக்கவும் வேண்டும். இவ்விரு துணிவுகளுள் எது பெரிது என்று பட்டிமண்டபம் கூட்டினால் யாம் எப்பக்கம் பேசுவோம் என்பதை வாசகர் ஊகித்திருப்பர்.

1948 மார்ச்சில் பகைவர் பீரங்கிகளை மலைமீது கொண்டுவந்தனர். பகலில் விமானம் இறங்கமுடியாத நிலை உண்டாயிற்று. ஓடுபாதை நின்றால் நகரம் நில்லாது. எதிர்ப்பீரங்கிகளை உள்ளே கொண்டுவந்தாலன்றி வேறு வழியில்லை. மெஹர் சிங் இரவிற் பறக்க முடிவு செய்தார். பாதையின் ஓரங்களில் எண்ணெய் விளக்குகளை வரிசையாக வைத்தனர். மலைகள் கண்ணுக்குப் புலப்படாத இருளில், அவ்விளக்குகளையே குறியாகக் கொண்டு, பீரங்கி சுமந்த டகோட்டாக்கள் இறங்கின. பின்னர் நகரினுள்ளிருந்து பீரங்கிகள் முழங்கின. ஓடுபாதை மீண்டும் உயிர்பெற்றது.

எண்ணெய் விளக்கொளியில் விமானத்தை இறக்கினர் என்று படிக்கும் பிற ஊரார் வியப்பர். 1990களின் தொடக்க ஆண்டுகளில் மின்சாரமின்றிப் போத்தல் விளக்கின் முன்னிருந்து பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளையும், கிளாலி நீரேரியை இருளிலே தோணியிற் கடந்த குடும்பங்களையும் உடைய நம் குடாநாட்டில் அதன் பொருளை விரிக்கவேண்டியதில்லை. அத்தோணிகளைச் செலுத்தியோர்க்குப் பதக்கம் அளித்தார் எவருமிலர். அது நிற்க.

பூஞ்சிலிருந்து வான்வழியே வெளியேறியோர் பல்லாயிரவர். முற்றுகை ஓராண்டு நீடித்து, 1948 நவம்பரில் தரைப்படைகள் வந்து கூடியபின்னரே நீங்கிற்று. ஓடுபாதை இல்லாவிடத்து என்ன நேர்ந்திருக்கும் என்பதற்கு அதே போரில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பல்திஸ்தானத்து ஸ்கர்டுக் கோட்டையும் அவ்வாண்டு வளைக்கப்பட்டது. அங்கே விமானம் இறங்க இயலவில்லை. வேட்டை விமானங்கள் சிறுசிறு பொதிகளை மேலிருந்து போட்டன. பசித்தோர்க்கு அவை போதவில்லை. ஆறு மாதம் போராடிய பின் ஆகத்து 14 ஆந் திகதி கோட்டை வீழ்ந்தது. பூஞ்சையும் ஸ்கர்டுவையும் அருகருகே வைத்து நோக்கும்போதே, 600 யார் மண்ணும் அதில் இறங்கத் துணிந்த கையும் எத்துணைப் பெரியவை என்பது விளங்கும்.

லடாக்கின் தலைநகரான லே கடல்மட்டத்துக்கு மேல் 11,000 அடிக்கும் உயரத்தில் உள்ளது. அதனைக் காக்கச் சிறு படையொன்று, மேஜர் பிரிதி சந்த் தலைமையில், பனிமூடிய சோஜி லாக் கணவாயைக் குளிர்காலத்திற் கால்நடையாகக் கடந்து சென்றிருந்தது. உடன்சென்ற சோனம் நோர்பு என்னும் லடாக்கிப் பொறியியலாளர் ஊரவரைக் கொண்டு ஓர் ஓடுபாதை அமைத்தார். பாதை ஆயத்தமாயிற்று, ஆயின் அங்கே பறந்து செல்லுதல் எங்ஙனம்? இமயத்தின் பெருந்தொடரைக் கடக்கவேண்டும். டகோட்டாவின் உள்ளறை காற்றழுத்தம் காக்கப்பெறாதது. சிறகிற் பனி உறைவதைத் தடுக்கும் கருவியும் அதற்கு இல்லை. அதற்குமுன் அவ்வழியே சென்று லேயில் விமானம் இறக்கியவர் எவருமிலர்.

1948 மே 24 ஆந் திகதி மெஹர் சிங் சென்றார். இம்முறையும் முதல் விமானம் அவருடையதே. காஷ்மீரத்தில் தரைப்படைப் பிரிவுக்குத் தலைவராயிருந்த மேஜர் ஜெனரல் திமய்யா அவர் பக்கத்தில் இருந்தார். இரு தலைவரும் ஒரே விமானத்தில் ஏறியதைப் பொறுப்பின்மை என்று கண்டிக்கலாம். படையினரின் உள்ளத்தை அறிந்த செயல் என்று மெச்சவும் செய்யலாம். விமானம் இறங்கியதைக் கண்ட ஊரவர், தொலைவிலிருந்து வந்த அப்பெரும் பறவைக்குப் பசிக்குமே என்று புல் கொண்டுவந்தனர் என ஒரு கதை வழங்குகின்றது. கதையாயினும் ஆகுக, விருந்தோம்பத் தெரிந்த மக்கள். அதன்பின் விமானங்கள் படையினரைக் கொண்டுவந்து சேர்த்தன, லே தப்பிற்று.

இத்தனையும் நடந்த அதே ஆண்டு செப்டெம்பரில், பூஞ்ச் முற்றுகை நீங்குமுன்பே, மெஹர் சிங் பதவி துறந்தார். மேலதிகாரிகளோடு கருத்து வேற்றுமை என்பர். விளக்கொளியில் விமானம் இறக்கும் இயல்பு படைத்த ஒருவர் எழுத்துப் பணிமனையின் ஒழுங்குக்குள் இணங்கி இருத்தல் அரிது. ஆயினும் பிழை முழுதும் மேலிடத்தது என்று முடிவு கட்டுதற்கு யாம் விரும்பவில்லை. ஆணைக்கு முந்தும் வீரன் போரில் தேவை. போர் ஓய்ந்தபின் அவன் உடனிருப்போர்க்கு இடர்தான். படையை விட்டபின் அவர் பட்டியாலா மகாராசாவுக்கு ஆலோசகராய் இருந்தார். 1950 ஜனவரி 26 ஆந் திகதி இந்தியா குடியரசாகித் தன் வீர விருதுகளை நிறுவியபோது, பதவியில் இல்லாத அவருக்கு மகாவீர சக்கரம் வழங்கப்பெற்றது. போர்க்கள வீரத்துக்கான விருதுகளுள் அது இரண்டாவது.

நம் ஊரோடு அவ்வான்படைக்கு ஏற்பட்ட தொடர்பையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. 1987 யூன் 4 ஆந் திகதி, இந்திய வான்படையின் ஐந்து சரக்கு விமானங்கள் பெங்களூரிலிருந்து புறப்பட்டு வந்து, யாழ்ப்பாணத்தின்மீது உணவுப் பொதிகளைக் குடைகளிற் கட்டி இறக்கின. முற்றங்களில் நின்று மக்கள் வானை நோக்கினர். அதே ஆண்டு ஒக்டோபரில் இந்தியப் படையின் உலங்கு வானூர்திகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சூழலில் வீரரை இறக்கிப் போர் தொடங்கியபோது, அதே மக்கள் வீடு விட்டு ஓடினர். நான்கு மாத இடைவெளியில் ஒரு நாட்டு வானூர்தியின் இருமுகத்தையும் கண்டவர் நாம். மெஹர் சிங்கின் வரலாற்றை நாம் படிக்கும் கண் பஞ்சாபியரின் கண்ணன்று. அவர் எந்நாட்டுக்காக வென்றார் என்பதைவிட, ஏறியவர் எத்தனை பேர் என்பதே நமக்கு முன்னிற்கின்றது.

1952 மார்ச் மாதத்தில் அவர் பீச்கிராப்ட் பொனான்சா என்னும் சிறு விமானத்தைத் தாமே ஓட்டிக்கொண்டு ஜம்முவிலிருந்து டில்லிக்குப் புறப்பட்டார். வழியிற் புயல் எதிர்ப்பட்டது. விமானம் வீழ்ந்தது, அவர் மாண்டார். முப்பத்தேழு வயது நிரம்பச் சில நாளே இருந்தன. பர்மாவின் பீரங்கியும் பூஞ்சின் மலையும் இமயத்துப் பனியும் விட்டுவைத்தவரை, சமநிலத்துக் காற்று கொண்டுபோயிற்று.

அவர் பிறந்த லயால்பூர் 1977 இல் பைசலாபாத் எனப் பெயர் மாறிற்று. 2018 இல் இந்திய வான்படை, பேரிடர்க் காலத்தில் அகப்பட்டோர்க்கு உதவிப்பொருள் கொண்டுசெல்லத்தக்க ஆளில்லா வானூர்திக் கூட்டங்களை அமைப்போர்க்கென ஒரு போட்டியை அறிவித்து, அதற்கு மெஹர் பாபா என்று பெயரிட்டது. பாகன் செலுத்தாமலே வானிற் செல்லும் ஊர்தி உறையூர் முதுகண்ணன் சாத்தனாரின் புறநானூற்றுப் பாட்டில் உண்டு. புகழொடு மாண்டோரே அதில் ஏறிச் செல்வர். டில்லியிற் போட்டிக்குப் பெயர் வைத்தோர் அப்பாட்டைப் படித்திருக்கமாட்டார்.